டெலி ஜூம் லென்ஸ மாத்துறதுக்கு முன்னாடி ஒரு சுவரப் பாத்து நாலு போட்டோ எடுங்க

கேமரா வாங்கும்போதே ரெண்டாவது லென்ஸா, தூரத்துல இருக்கிறத கிட்ட இழுத்துக் காட்டுற டெலி ஜூம், 55-250, 70-300, 75-300னு ஏதோ ஒண்ணு கூட வந்திருக்கும், இல்லன்னா கொஞ்ச நாள் கழிச்சு தனியா வாங்கிருப்பீங்க. முதல் மாசம் நிலா, எதிர்மரத்து காக்கா, தூரத்து டவர்னு எல்லாத்தையும் எடுத்து குஷியா சுத்துவோம். அப்புறம் ஒரு நாள் படத்த கம்ப்யூட்டர்ல போட்டு நூறு பர்சென்ட்ல பெருசாக்கிப் பாத்தா, இறகு இருக்க வேண்டிய எடத்துல பஞ்சு மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கும். அன்னிக்கு ஆரம்பிக்கும் பாருங்க அந்த அரிப்பு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரிவ்யூ வீடியோ, காலைல எழுந்ததும் விலை பாக்குறது, "இந்த லென்ஸ் மட்டும் இருந்தா"ன்னு ஒரு பெருமூச்சு.

நானும் ஒரு வருஷத்துக்கு மேல அப்படித்தான் திரிஞ்சேன். கடைசில லென்ஸ மாத்தினேன், அது வேற கதை, ஆனா மாத்துறதுக்கு முன்னாடி ஒழுங்கா உக்காந்து சோதிச்சதுல என் படங்கள்ல இருந்த குறைல பாதி லென்ஸோடது இல்லன்னு தெரிஞ்சுது. கொஞ்சம் என் கையோடது, கொஞ்சம் காத்தோடது, கொஞ்சம் முன்னாடி மாட்டியிருந்த ஒரு கண்ணாடியோடது. அத கண்டுபிடிக்காம மாத்தியிருந்தா அதே குறைய இன்னும் பெரிய லென்ஸ்ல தூக்கிக்கிட்டு அலைஞ்சிருப்பேன். அதனால எந்த லென்ஸ் வாங்கலாம்ங்கிறத பின்னாடி பாக்கலாம், இப்ப உங்க படம் ஏன் கெடுதுன்னு கண்டுபிடிப்போம்.

முதல்ல கைல என்ன இருக்குன்னு பாருங்க

பட்ஜெட் டெலி ஜூம்னு எல்லாத்தையும் ஒரே கூடைல போட முடியாது. கேனன்ல 75-300 மூணாவது வெர்ஷன்னு ஒண்ணு இருக்கு, 1999-ல வந்தது, ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த அடக்குற வசதி) கிடையாது, பழைய டைப் மைக்ரோ மோட்டார், ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்க கண்ணாடியே சுத்தும், அதனால போலரைசர் (பளபளப்ப குறைக்கிற ஃபில்டர்) மாட்டினா ஒவ்வொரு தடவையும் திருப்பி செட் பண்ணணும். கிட்டத்தட்ட அதே விலை வரிசைல இருக்கிற 55-250 எஸ்டிஎம் 2013-ல வந்தது, ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஃபோகஸ் வேகம், எடையும் 375 கிராம் தான், படம் 75-300ஐ விட நல்லாவே ஷார்ப்பா இருக்கும். பொட்டில 300ன்னு பெரிய நம்பர் போட்டிருக்கிறத பாத்து நிறைய பேர் முதல் லென்ஸ எடுத்துடறாங்க. (2025-ல அதே 75-300 டிசைன கேனனோட மிரர்லெஸ் (உள்ள மிரர் இல்லாத) கேமராவுக்கான ஆர்எஃப் மவுன்ட்லயும் கொண்டு வந்திருக்காங்க, அதுலயும் ஸ்டெபிலைசேஷன் இல்ல, பொட்டிய பாத்து ஏமாந்துடாதீங்க.)

நிக்கான்ல இன்னும் குழப்பம். ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300ன்னு ஒரே பேர்ல ரெண்டு லென்ஸ், ஒண்ணுல விஆர் (ஸ்டெபிலைசேஷனுக்கு நிக்கான் வச்ச பேர்) உண்டு இன்னொண்ணுல இல்ல, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், லென்ஸ் மேல எழுதியிருக்கிறத படிச்சாத்தான் தெரியும். சோனிக்காரங்க பெரும்பாலும் 55-210 வச்சிருப்பாங்க, அதுல ஸ்டெபிலைசேஷன் இருக்கு, ஆனா 210ல முடிஞ்சிடும்.

இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, ஸ்டெபிலைசேஷன் இல்லாத பழைய லென்ஸ்ல இருந்து ஏறுறது உண்மையிலயே பெரிய படி. 55-250 எஸ்டிஎம் மாதிரி நல்ல லென்ஸ்ல இருந்து இன்னொரு சாதாரண 70-300க்கு போறது படியே இல்ல, பக்கத்துல நகந்து உக்காருறது.

பழைய படங்கள எடுத்து வைங்க

ஆசைப்பட்டு எடுத்து, பாத்ததும் "சே"ன்னு ஆன படங்கள் ஒரு நூறு எடுங்க. டிலீட் பண்ணாம இருந்தா. ஒவ்வொண்ணுலயும் எக்சிஃப் தகவல்ல (படத்தோடயே கேமரா பதிஞ்சு வைக்கிறது) மூணு விஷயம் பாருங்க, எத்தன எம்எம்ல (ஃபோக்கல் லெங்த்) எடுத்தது, ஷட்டர் ஸ்பீட் என்ன, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்த எவ்வளவு ஏத்திக் காட்டுதுங்கிற நம்பர்) என்ன. லைட்ரூம் வச்சிருந்தா மெட்டாடேட்டா ஃபில்டர்லயே எத்தன படம் எந்த ஃபோக்கல் லெங்த்னு எண்ணிக்கையோட காட்டிடும், இலவசமா வேணும்னா டிஜிகேம் போதும்.

நான் பாத்தப்ப முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. 300ல எடுத்த படங்கள்ல பாதிக்கு மேல 1/160, 1/200, 1/250. ஸ்டெபிலைசேஷன் இல்லாத லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமரா, அதாவது ஃபுல் ஃப்ரேம (பழைய ஃபிலிம் அளவு) விட சின்ன சென்சார். நிக்கான், சோனில 300ங்கிறது பார்வைக் கோணத்துல ஃபுல் ஃப்ரேம்ல 450க்கு சமம், கேனன்ல 480, அப்ப கைல புடிச்சு எடுக்க குறைஞ்சது 1/500 வேணும்னு பழைய கணக்கு. இன்னிக்கு 24 மெகாபிக்சல்ல நூறு பர்சென்ட்ல உத்துப் பாக்குறவங்களுக்கு அதுவும் பத்தாது, 1/800, 1/1000 போனாத்தான் நிம்மதி. நான் அதுல மூணுல ஒரு பங்கு வேகத்துல எடுத்துட்டு லென்ஸ திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அடுத்தது அந்த படங்கள பெருசாக்கி மங்கல் எப்படி இருக்குன்னு பாருங்க, ஏன்னா எல்லா மங்கலும் ஒரே மாதிரி இருக்காது. ஃப்ரேம்ல இருக்கிற எல்லாமே ஒரே திசைல இழுத்த மாதிரி இருந்தா, இலையோட பளபளப்பு புள்ளி எல்லாம் சின்னச் சின்ன கோடா தெரிஞ்சா அது கை ஆட்டம். கிளை ஷார்ப்பா இருந்து பறவை மட்டும் கலைஞ்சிருந்தா பறவை அசைஞ்சிருக்கு. பறவை மங்கலா இருந்து அதுக்கு பின்னாடி இருக்கிற இலை தெளிவா இருந்தா ஃபோகஸ் தப்பான எடத்துல விழுந்திருக்கு. நிழல் பக்கமெல்லாம் வாட்டர்கலர் தேச்ச மாதிரி வழவழன்னு இருந்தா ஐஎஸ்ஓ ஏறிப்போயி கேமராவே நாய்ஸ (புள்ளி புள்ளியா வர்ற கரகரப்பு) வழிச்சு எடுத்திருக்கு, ஜேபெக்ல எடுக்கிறவங்களுக்கு இது அதிகம் நடக்கும். ஓரமெல்லாம் அலை அலையா, அடுத்தடுத்து எடுத்த படத்துல வேற வேற மாதிரி நெளிஞ்சிருந்தா அது சூட்டுல கொதிக்கிற காத்து. இது எதுவும் இல்லாம, மொத்தமா ஒரு மெல்லிய திரை போட்ட மாதிரி, கான்ட்ராஸ்ட் இல்லாம, வெள்ளக் கொக்கோட விளிம்புல ஊதாக் கோடு ஓடுதுன்னா, அப்பத்தான் லென்ஸ் மேல சந்தேகப்படணும்.

பக்கவாட்டுல ஓடுற கலர் கோட சாஃப்ட்வேர் ஒரு டிக் அடிச்சா எடுத்துடும்ங்கிறது வேற விஷயம். அந்தத் திரையால போன தெளிவு திரும்ப வராது, அதான் பிரச்சனை.

சுவர் டெஸ்ட்

இதுக்கு ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்க. நியூஸ்பேப்பர் ஒண்ண முழுசா விரிச்சு சுவத்துல ஒட்டுங்க, சுருக்கம் இல்லாம. அங்கிருந்து பத்து மீட்டர் தள்ளி ட்ரைபாட். 300ல ஏபிஎஸ்-சி கேமராவுக்கு பத்து மீட்டர்ல தெரியிற அகலம் கிட்டத்தட்ட முக்கால் மீட்டர் தான், அதனால விரிச்ச பேப்பரே ஃப்ரேம நிறைச்சிடும், மூலைல இருக்கிற எழுத்து வரைக்கும் பாக்கலாம்.

ட்ரைபாட் நடுத்தண்ட மேல தூக்காதீங்க, கேமரா பட்டை காத்துல ஆடாம சுத்தி வைங்க. லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. (அந்த நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸ்ல சுவிட்சே இருக்காது, கேமரா மெனுவுல தேடணும், சில பழைய கேமரா பாடில மெனுவுலயும் வராது.) டைமர் ரெண்டு செகண்ட் பத்தாது, லேசான ட்ரைபாட்ல 300 எம்எம் தொட்டா ரொம்ப நேரம் ஆடிக்கிட்டே இருக்கும், பத்து செகண்ட் வைங்க. ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (கேமரா கை வைக்காத மூல ஃபைல்). லைவ் வியூ போட்டு ஸ்க்ரீன்ல பத்து மடங்கு பெருசாக்கி எழுத்து தெளியிற எடத்துல ஃபோகஸ் பண்ணி, எஃப் 5.6, எஃப் 8, எஃப் 11னு மூணு படம் (எஃப் நம்பர் ஏற ஏற லென்ஸ் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், சின்னதாகும்). அப்புறம் 250ல மூணு, 200ல மூணு. லென்ஸ் முன்னாடி ஃபில்டர் இருந்தா ஒரு ரவுண்டு அதோட, ஒரு ரவுண்டு கழட்டிட்டு.

டிஎஸ்எல்ஆர் (உள்ள மிரர் இருக்கிற கேமரா) வச்சிருக்கிறவங்க இன்னொரு ரவுண்டு வியூஃபைண்டர் வழியா ஆட்டோஃபோகஸ்ல எடுக்கணும், ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ கிட்டக்க கொண்டு போயிட்டு திரும்ப புடிக்க விடுங்க, ஒரு ஆறு படம். கடைசியா ட்ரைபாட்ல இருந்து எடுத்து கைலயே 1/250, 1/500, 1/1000 ஒவ்வொண்ணும் பத்து படம், லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருந்தா இதுக்கு ஆன் பண்ணிக்குங்க, ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும்.

இப்ப உக்காந்து பாருங்க. ட்ரைபாட்ல லைவ் வியூல எஃப் 8ல பேப்பர் எழுத்து நல்லா படிக்க வருது, 5.6ல மட்டும் கொஞ்சம் சாஃப்ட்டா இருக்குன்னா உங்க லென்ஸ் அதோட விலைக்கு ஒழுங்கா வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெளிச்சம் இருக்கிற நேரத்துல எஃப் 8ல வச்சு எடுங்க, முக்கால்வாசி குறை அதுலயே போயிடும். ஆனா அதுக்கு மேல எஃப் 16, 22ன்னு மூடினா ஷார்ப்பாகும்னு நினைக்காதீங்க, 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சில எஃப் 11 தாண்டினா டிஃப்ராக்ஷன் (சின்னத் திறப்பு வழியா போகும்போது ஒளி விரியிறது) வந்து திரும்ப மங்க ஆரம்பிச்சிடும்.

லைவ் வியூல ஷார்ப், வியூஃபைண்டர்ல எடுத்தது மட்டும் மங்கல்னா கண்ணாடில குறையில்ல, பாடிக்கும் லென்ஸுக்கும் ஃபோகஸ் ஒத்துப்போகல. கொஞ்சம் மேல உள்ள பாடிகள்ல ஏஎஃப் ஃபைன் ட்யூன்னு மெனு இருக்கும், அதுல சரி பண்ணலாம், ஆரம்ப மாடல்கள்ல இருக்காது, சர்வீஸுக்குத்தான் கொடுக்கணும். புது லென்ஸ் வாங்கினாலும் இதே பாடில இதே குறை வரலாம், அத மறந்துடாதீங்க. மிரர்லெஸ்காரங்களுக்கு இந்த தலைவலி இல்ல, அவங்களுக்கு ஃபோகஸ் சென்சார் மேலயே நடக்குது.

வலது பக்கம் தெளிவா இருந்து இடது பக்கம் மட்டும் கலங்கி இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு நீங்க சுவத்துக்கு நேரா நிக்கல, இல்ல லென்ஸுக்குள்ள ஒரு கண்ணாடி நகந்திருக்கு. இதுக்கு ஒரு வித்தை இருக்கு. கேமராவ தலைகீழா கவுத்து மாட்டி மறுபடி எடுங்க. பேப்பர்ல அதே பக்கம் தான் மங்கலா வருதுன்னா நீங்க நின்ன கோணம் தப்பு. மங்கல் பேப்பர்ல எதிர்ப்பக்கம் மாறிடுச்சுன்னா லென்ஸ்ல தான் கோளாறு, அது டிசென்டர் ஆயிருக்கு. வாரன்ட்டி இருந்தா கொடுத்து மாத்துங்க, இதுக்காக அடுத்த மாடலுக்கு ஏற வேண்டியதில்ல.

ட்ரைபாட்ல நல்லா இருந்து கைல எடுத்ததுல பத்துக்கு எட்டு கெட்டுப்போச்சுன்னா காரணம் தெரிஞ்சுபோச்சு. ஃபில்டர் இல்லாம, ட்ரைபாட்ல, லைவ் வியூல, எஃப் 8லயும் 300 மங்கலாவே இருக்கு, 200ல மட்டும் கண்ணாடி மாதிரி இருக்குன்னா, அந்த லென்ஸோட எல்லை அவ்வளவு தான். பட்ஜெட் ஜூம் நிறைய இப்படித்தான், கடைசி நூறு எம்எம் பேருக்கு இருக்கும். இந்த ஒரு ரிசல்ட் தான் "மாத்து"ன்னு நேரடியா சொல்றது.

முன்னாடி மாட்டியிருந்த ஒரு கண்ணாடின்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அது ஒரு ஃபில்டர். லென்ஸ் வாங்கின அன்னிக்கே பாதுகாப்புக்குன்னு கூடவே ஒரு மலிவான யூவி ஃபில்டர் தலைல கட்டிவிட்டாங்க, நானும் ரெண்டு வருஷம் கழட்டவே இல்ல. டெஸ்ட்ல கழட்டிட்டு எடுத்தா 300ல வித்தியாசம் சும்மா கண்ணுக்கே தெரியுது, இன்னொரு லென்ஸ் மாட்டின மாதிரி. வைட் லென்ஸ்ல பெருசா தெரியாத கண்ணாடிக் கோணல் டெலில பெருசா தெரியும். பாதுகாப்பு வேணும்னா ஹூட் போடுங்க, இடிச்சாலும் தாங்கும், பக்கத்து வெயிலையும் தடுக்கும்.

காத்துக்கு லென்ஸ் கிடையாது

சூடான நாள்ல மதியம் தார் ரோட்டுக்கு அந்தப் பக்கம், வயல் வரப்பு, தண்ணிக்கு மேல இப்படி தூரத்துல எடுத்தா காத்து கொதிச்சு படம் நெளியும். எவ்வளவு பெரிய லென்ஸ் வச்சாலும் நெளியும், சொல்லப்போனா பெரிய லென்ஸ்ல அந்த நெளிவும் சேந்தே பெருசாகும். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற பறவைய 600ல எடுத்துட்டு "லென்ஸ் சாஃப்ட்"னு திருப்பிக் கொடுத்தவங்கள எனக்கே தெரியும். காலைல சீக்கிரம் போங்க, கிட்டப் போங்க. அவ்வளவு தான் வைத்தியம்.

கிட்டப் போறதப் பத்தி ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். 15 சென்டிமீட்டர் குருவி, 20 மீட்டர் தூரம், 300 எம்எம். சென்சார்ல அது விழுறது 2.25 எம்எம் உயரம், 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சில ஒரு பிக்சல் ஏறக்குறைய 3.9 மைக்ரான், அப்ப குருவி மொத்தமே 575 பிக்சல் சுமார். அதுல கண்ணு, அலகு, இறகு எல்லாம் அடங்கணும், பாவம். பத்து மீட்டருக்கு போனா 1150 பிக்சல். 600 எம்எம் லென்ஸ் வாங்கி 20 மீட்டர்லயே நின்னாலும் அதே 1150 தான், ஆனா நடுவுல ரெண்டு மடங்கு காத்து, கைல ரெண்டு கிலோ. மறைஞ்சு உக்காந்து காத்திருக்கப் பழகினா நிறைய பேருக்கு லென்ஸ் ஆசையே பாதி குறைஞ்சிடும்.

நிலாவுக்கு நடந்து கிட்டப் போக முடியாது, அது நியாயம். நிலாவோட அளவு சென்சார்ல ஃபோக்கல் லெங்த்த 110ஆல வகுத்தா வரும், 300ல 2.7 எம்எம், சுமார் 700 பிக்சல் குறுக்கே. நிலா மட்டுமே உங்க ஆசைன்னா எம்எம் தான் வேணும், பெரிய அப்பர்ச்சர் தேவையில்ல, அது வெயில்ல நிக்கிற பாறை, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200ல எடுத்துடலாம்.

உங்களுக்கு குறையிறது தூரமா வெளிச்சமா

லென்ஸ் தான் காரணம்னு டெஸ்ட்ல தெரிஞ்சிடுச்சுன்னு வைங்க, அப்பவும் எதுக்காக மாத்துறோம்னு ஒரு முடிவுக்கு வரணும், ஏன்னா தூரமும் வெளிச்சமும் ஒண்ணா கிடைக்கிற லென்ஸ் தூக்க ஆள் வேணும். 300ல எஃப் 5.6க்கு முன்பக்க திறப்பு 54 எம்எம் இருந்தா போதும், அதே 300ல எஃப் 2.8ன்னா 107 எம்எம் வேணும், அந்த அகலத்துக்கு கண்ணாடி வந்தா எடையும் விலையும் எங்க போகும்னு யோசிச்சுக்குங்க.

தூரம்னா, 250ல இருந்து 300 போனா ஒண்ணே கால் மடங்கு கூட இல்ல, 1.2 தான், அதுக்காக காசு செலவு பண்ணாதீங்க, படத்த லேசா க்ராப் பண்ணினா முடிஞ்சுது. 300ல இருந்து 400 போனா 1.33 மடங்கு, பரப்பளவுல 1.78 மடங்கு பிக்சல், இது தெரியும். 300ல எடுத்த 24 மெகாபிக்சல் படத்த 400 பார்வைக்கு க்ராப் பண்ணினா 13.5 மெகாபிக்சல் மிச்சம், 600 பார்வைக்கு க்ராப் பண்ணினா 6. அந்த 6 மெகாபிக்சல் 3000க்கு 2000, அதுல பத்து இன்ச் அகலத்துக்கு நல்ல பிரிண்டே போடலாம், ஃபோன்ல பாக்குறவங்களுக்கு அது தாராளம். க்ராப் பண்ணினா அசிங்கமா இருக்குன்னா பிரச்சனை எம்எம் இல்ல, அந்த 300ல ஷார்ப்னஸ் இல்ல. அப்ப நீங்க தேட வேண்டியது நீளமான லென்ஸ் இல்ல, அதே நீளத்துல நல்ல லென்ஸ்.

வெளிச்சம்ங்கிறது வேற கட்சி. இண்டோர் ஸ்டேடியம், மேடை, கல்யாணம், சாயங்கால ஃபுட்பால், இங்கெல்லாம் ஆள் ஓடுறான், ஷட்டர் 1/500க்கு கீழ இறக்க முடியாது, எஃப் 5.6ல ஐஎஸ்ஓ 6400, 12800ன்னு ஏறும். இங்க ஸ்டெபிலைசேஷன் ஒண்ணும் கிழிக்காது, அது உங்க கை ஆட்டத்த தான் நிறுத்தும், ஓடுற ஆள நிறுத்தாது. இங்க 70-200 எஃப் 2.8 தான் மருந்து, நாலு மடங்கு வெளிச்சம், 6400 இருந்த எடத்துல 1600. எடை ஒன்றரை கிலோ பக்கம் வரும், ஒரு நாள் முழுக்க கழுத்துல தொங்கவிட்டா தெரியும். அதே லென்ஸ பறவைக்காக வாங்கினீங்கன்னா ஒரே வாரத்துல 200 பத்தலன்னு புலம்புவீங்க, இந்த தப்ப பண்ணவங்க எண்ணிக்கை ரொம்ப ஜாஸ்தி. இடைப்பட்டவங்களுக்கு, ரால எடுத்து ஏஐ நாய்ஸ் ரிடக்ஷன்ல போட்டுப் பாருங்க, லைட்ரூம்ல 2023-ல வந்துது, டிஎக்ஸ்ஓவும் வச்சிருக்காங்க. ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சத்துல ரெண்டு மடங்கு) மேல மிச்சம் பண்ணும், லென்ஸ விட மலிவு.

ஃபோகஸ் மோட்டார பத்தியும் ஒரு வார்த்தை. பறக்குற பறவை எடுக்கிறவங்களுக்கு 1/1600, 1/2000 வைக்கிறதால கை ஆட்டம் பிரச்சனையே இல்ல, அவங்களுக்கு கழுத்தறுப்பு வேற, பழைய மைக்ரோ மோட்டார் ர்ர்ர்னு கத்திக்கிட்டு முன்னயும் பின்னயும் போயிட்டு வர்றதுக்குள்ள பறவை போயே போயிடும். டெஸ்ட் பண்ண ஒண்ணும் வேணாம், கிட்டக்க ஒண்ணு தூரத்துல ஒண்ணு மாத்தி மாத்தி ஃபோகஸ் பண்ணுங்க, எரிச்சல் வருதான்னு பாருங்க. அடிக்கடி பறக்குறத தான் எடுக்குறீங்கன்னா இந்த ஒரு காரணத்துக்காகவே மாத்தலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சரி, எதுக்கு மாத்துறது

ஸ்டெபிலைசேஷன் இல்லாத 75-300, 70-300 வச்சிருக்கீங்க, காசும் அதிகம் இல்லன்னா, கேனன் டிஎஸ்எல்ஆர்ல 55-250 எஸ்டிஎம் செகண்ட் ஹேண்ட்ல எடுங்க. அம்பது எம்எம் போகும், போகட்டும், அது எப்படியும் மங்கலான அம்பது. நிக்கான்ல விஆர் உள்ள ஏஎஃப்-பி 70-300. இன்னும் கொஞ்சம் கை தாராளம்னா கேனன் 70-300 ஐஎஸ் ரெண்டாவது வெர்ஷன், 2016ல வந்தது, நானோ யுஎஸ்எம்ங்கிற மோட்டார், ஃபோகஸ் சட்டுனு விழும். சோனி 55-210ல இருந்து 70-350 ஜிக்கு போனா அது நிஜமான தாவல், 625 கிராம் தான். கேனன் மிரர்லெஸ்ஸுக்கு ஆர்எஃப் 100-400, 635 கிராம், 400ல எஃப் 8ங்கிறத பாத்து முகம் சுளிப்பாங்க, வெயில்ல எடுக்கிறவங்களுக்கு அது ஒரு குறையே இல்ல, மங்கின வெளிச்சத்துல மட்டும் அடம் புடிக்கும்.

பறவை பைத்தியம் முத்திடுச்சுன்னா சிக்மா 100-400, ஒரு கிலோவ கொஞ்சம் தாண்டும், நாள் பூரா கைல புடிக்கலாம். நிக்கான் 200-500 எஃப் 5.6, சிக்மா டாம்ரான் 150-600 எல்லாம் ரெண்டு கிலோ வட்டாரம், நிக்கான் லென்ஸ் ட்ரைபாட் காலரோட 2.3 கிலோ. வாங்கின மூணாவது மாசம் வீட்லயே வச்சிட்டு போறவங்க நிறைய, அதனால முதல்ல வாடகைக்கு எடுங்க, இல்ல யார்கிட்டயாவது ஒரு நாள் கேட்டு வாங்கி உங்க வழக்கமான எடத்துல உங்க பாடில மாட்டி நடங்க. கடைக்குள்ள நின்னு எதிர் பில்டிங்க எடுக்கிறது கணக்குல சேராது.

டெலிகன்வர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டி எம்எம்ம கூட்டுறது) போட்டா என்னன்னு கேப்பீங்க. 1.4 போட்டா ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், 2 போட்டா ரெண்டு, எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆயிடும், பல டிஎஸ்எல்ஆர்ல ஆட்டோஃபோகஸே நின்னுடும். அதோட ஏற்கனவே இருக்கிற மங்கலையும் அது பெருசாக்கும். பட்ஜெட் ஜூம் பெரும்பாலும் அத ஏத்துக்கவே ஏத்துக்காது. விட்டுடுங்க.

பொருந்துமான்னு பாக்குறதுல தான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. நிக்கான் ஏஎஃப்-பி லென்ஸ் டி90, டி7000 மாதிரி பழைய பாடில ஃபோகஸே ஆகாது, மேனுவலா கூட ஆகாது, ஏன்னா அந்த வளையம் மோட்டார தான் சொல்லி ஓட்டுது. தலைகீழா, பழைய ஏஎஃப்-டி லென்ஸ் டி3000, டி5000 வரிசைல மாட்டினா ஆட்டோஃபோகஸ் வராது, அந்த பாடில மோட்டார் இல்ல. சோனி ஏ6000, ஏ6400, கேனன் ஆர்50, ஆர்10 இதுல பாடிக்குள்ள ஸ்டெபிலைசேஷன் கிடையாது, லென்ஸ்ல இருந்தே ஆகணும். கேனன் டிஎஸ்எல்ஆர்ல இருந்து மிரர்லெஸ் போற எண்ணம் இருந்தா ஈஎஃப் லென்ஸ் அடாப்டர்ல நல்லாவே ஓடும், பயப்பட வேணாம், ஆனா ஆர்எஃப் லென்ஸ் டிஎஸ்எல்ஆர்ல மாட்டவே முடியாது.

செகண்ட் ஹேண்ட் எடுக்கும்போது ஃபோன் டார்ச்ச பின்பக்கம் இருந்து அடிச்சு முன்னாடி வழியா பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா ஃபங்கஸ், பேரம் பேசாம எழுந்து வந்துடுங்க. ரெண்டு மூணு தூசி இருந்தா இருக்கட்டும், படத்துல வராது. ஜூம் முழுசா சுத்திப் பாருங்க, எங்கயாவது கரகரங்குதா, கீழ பாத்து புடிச்சா தானா நீளுதான்னு பாருங்க. ஸ்டெபிலைசேஷன ஆன் பண்ணி ஷட்டர பாதி அழுத்தினா வியூஃபைண்டர்ல படம் ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கணும், துள்ளக் கூடாது.

புதுசோ பழசோ, வீட்டுக்கு கொண்டு வந்ததும் அதே சுவர், அதே பேப்பர், அதே பத்து மீட்டர். பழைய லென்ஸ்ல எடுத்த படங்கள அதுக்காகத்தான் அழிக்காம வைக்கச் சொல்றது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 300ல மூலை எழுத்த படிச்சுப் பாருங்க. வித்தியாசத்த தேட வேண்டியிருந்தா, ரிட்டர்ன் தேதி முடியிறதுக்குள்ள பொட்டில போட்டு திருப்பி அனுப்பிடுங்க.